வியப்பு அறிவாகுமா? (வெங்கோள் ஒன்றினை முன்வைத்து ஒரு மறுப்புரை)

தமிழில் விஞ்ஞானம் எழுதப்படுவதில்லை என்னும் பழைய முறைப்பாடு இன்று பொருந்தாது. நாளிதழ்களில் அதற்கொரு பக்கம் உண்டு. வார இதழ்களில் அதற்கொரு பத்தி உண்டு. பாடசாலை மலர்களிலும் பல்கலைக்கழக மலர்களிலும் கவிதைகளுக்கும் கட்டுரைகளுக்கும் நடுவே அதற்கும் ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. எழுதப்படுகிறது என்பதில் ஐயமில்லை. எழுதப்படுவது விஞ்ஞானமா என்பதே வினா.

விஞ்ஞானம் என்பது முடிவுகளின் தொகுதியன்று. முடிவை அடைந்த வழியுமாகும். ஒரு செய்தி எவ்வாறு அறியப்பட்டது, எந்த அளவீட்டின்மேல் அது நிற்கிறது, எந்தக் கருதுகோள் விழுந்தால் அதுவும் விழும் என்பவற்றைக் கூறாத எழுத்து, விஞ்ஞானச் சொற்களைப் பூண்ட புராணமேயன்றி வேறன்று. புராணத்துக்கேனும் பக்தி என்னும் ஒரு பயன் உண்டு. இதற்கு அதுவும் இல்லை. படிப்பவன் ஒரு கணம் வியக்கிறான், மறுகணம் மறக்கிறான். மறந்தபின் அவனிடம் எஞ்சுவது ஓர் எண்ணமே: இவையெல்லாம் எங்கோ எவரோ கண்டுபிடித்துச் சொல்பவை, ஏற்றுக்கொள்வதன்றி வேறு வேலை தமிழனுக்கு இல்லை. அடிமை மனப்பான்மையை வளர்ப்பதற்கு இதனினும் எளிய வழி கிடையாது.

இக்குற்றச்சாட்டு பொதுப்பட நிற்றல் போதாது. ஆதலின், தமிழ் வாசகர் பலர் கேள்வியுற்ற ஒரு கோளினை எடுத்துக்கொண்டு, அதனைப்பற்றி அறியப்பட்டது யாது, பரப்பப்பட்டது யாது என்பதை ஒப்பிட்டு நோக்குதல் தகும்.

கடகத்தில் ஒரு விண்மீன்

கடக இராசியில், பூச நட்சத்திரமாகிய விண்மீன் கூட்டத்துக்குச் சற்று வடக்கே, கண்ணுக்குத் தெரியும் எல்லையின் ஓரத்தில் மங்கலாக நிற்கும் ஒரு விண்மீன் உண்டு. வானியலார் அதனை 55 கான்கிரி என்பர். தைப்பூச இரவில் அதனைக் காண இயலாது. முழுநிலவின் ஒளி அதனை விழுங்கிவிடும். தை அமாவாசையை அண்டிய இரவுகளில், நகர விளக்குகள் எட்டாத உன்னிச்சை போன்ற இடங்களிலே, முகில் அகன்றிருப்பின், கூரிய பார்வையுடையோர் அதனைத் தேடிப் பிடிக்கலாம். அவ்வாறு காண்போர் கண்ணிற்படும் ஒளி, ஏறத்தாழ 41 ஆண்டுகளுக்கு முன்னர் அங்கிருந்து புறப்பட்டதாகும்.

அவ்விண்மீனை ஐந்து கோள்கள் சுற்றுகின்றன. அவற்றுள் மிக உள்ளே சுற்றுவது 55 கான்கிரி ஈ. அதன் ஆண்டு 17 மணி 40 நிமிடம். பூமியிலிருந்து சந்திரன் உள்ள தொலைவைப்போல ஆறு மடங்கு தொலைவிலேயே, அதாவது ஏறத்தாழ 23 இலட்சம் கிலோமீற்றரில், அது தன் விண்மீனைச் சுற்றி ஓடுகிறது. அக்கோளின் வானத்தில் அவ்விண்மீன், பூமியிலிருந்து காணப்படும் சூரியனைவிட அறுபது மடங்கு அகலமாகத் தோன்றும். கோளின் திணிவு பூமியைப்போல் எட்டு மடங்கு. விட்டம் இரு மடங்கினும் சற்றுக் குறைவு. விண்மீனை நோக்கிய பக்கத்தின் வெப்பநிலை 1,500 பாகை செல்சியசுக்கு மேல். அதாவது இரும்பு உருகும் நிலை. அங்கே தரை என்பது உருகிய பாறைக் கடலாக இருத்தல் கூடும்.

இவ்வளவும் தமிழில் எழுதப்பட்டிராமல் இல்லை. ஆயின் இவற்றுக்கெல்லாம் மேலே, கொட்டை எழுத்தில், ஒரு சொல் நின்றது: ‘வைரக்கோள்’. பூமியைவிடப் பெரியதொரு வைரம் வானிலே சுழல்கிறது என்றும், அதன் விலை இத்தனை கோடி கோடி என்றும் எழுதி மகிழ்ந்தோர் உளர். அவ்வைரம் எங்கிருந்து வந்தது, பின்னர் என்னவாயிற்று என்று எழுதியோரைத் தேடினால் கிடைப்பது அரிது.

அறியப்பட்டது எவ்வாறு?

இக்கோளை நேரே கண்டவர் எவரும் இலர். விண்மீனின் ஒளியில் நேரும் நுண்ணிய மாற்றங்களிலிருந்தே அது அறியப்பட்டது. கோள் சுற்றும்போது அதன் ஈர்ப்பால் விண்மீனும் சற்றே அசையும். அவ்வசைவின் வேகம் இங்கே விநாடிக்கு ஏறத்தாழ 6 மீற்றர். விரைந்து மிதிக்கப்படும் ஒரு துவிச்சக்கரவண்டியின் வேகம். 41 ஒளியாண்டுகளுக்கு அப்பால், சூரியனை ஒத்த பெரும்பொருள் ஒன்று துவிச்சக்கரவண்டி வேகத்தில் முன்னும் பின்னும் அசைவதை, அதன் ஒளித் திருசியத்திலுள்ள கோடுகளின் இடப்பெயர்ச்சி கொண்டு 2004 ஆம் ஆண்டில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் கண்டறிந்தனர். வியக்கவேண்டியது வைரத்தை அன்று, இதனையே.

அவர்கள் கணித்த சுற்றுக்காலம் 2.8 நாள். அது தவறு என்பது 2010 இலேயே வெளிப்பட்டது. தவறு நேர்ந்த விதம் எந்த மாணவனுக்கும் விளங்கக்கூடியது. விண்மீன்களை இரவிலேதான் நோக்க முடியும். ஆகவே நோக்கல்கள் 24 மணிக்கு ஒருமுறை என்னும் ஒழுங்கில் அமைந்துவிடுகின்றன. 17 மணி 40 நிமிடத்துக்கு ஒருமுறை நிகழும் ஒன்றை, நாள்தோறும் ஒரே வேளையில் மட்டும் வந்து பார்ப்பவன் என்ன காண்பான்? ஒரு நாளில் அது ஒரு முழுச்சுற்றையும், மேலும் ஒரு சுற்றின் மூன்றிலொரு பங்கினும் சற்றுக் கூடுதலையும் கடந்திருக்கும். முழுச்சுற்று அவன் கண்ணிற்படாது. எஞ்சிய பங்கே படும். ஆகவே சுற்றுக்காலம் 2.8 நாள் என்று அவன் துணிவான். ரெபெக்கா டோசன், டானியல் பப்ரிக்கி என்னும் இருவர் இம்மயக்கத்தை அவிழ்த்து, மெய்யான காலம் ஒரு நாளினும் குறைந்தது என்று காட்டினர். ஒரு புதிய தொலைகாட்டி இல்லாமல், இருந்த தரவுகளைக் கொண்டே, சிந்தனையால் மட்டும் இதனைச் செய்தனர்.

அவர்களுடைய கணிப்புச் சரியாயின், விண்மீனுக்கு மிக நெருங்கியுள்ள அக்கோள், விண்மீனின் முகப்பைக் கடந்துசெல்லும் வாய்ப்பு மிகும். 2011 இல் கனடா நாட்டின் மோஸ்ட் செய்மதியும், அமெரிக்காவின் ஸ்பிற்சர் விண்தொலைகாட்டியும் அக்கடப்பைக் கண்டன. விண்மீனின் ஒளி ஏறத்தாழ மூவாயிரத்தில் ஒரு பங்கு குறைந்தது. இங்கே உயர்தர வகுப்பு மாணவனும் செய்யத்தக்க ஒரு கணக்கு உண்டு. மறைக்கப்பட்ட ஒளியின் பங்கு, கோளின் வட்டத்துக்கும் விண்மீனின் வட்டத்துக்கும் உள்ள பரப்பு விகிதமாகும். மூவாயிரத்தின் வர்க்கமூலம் ஏறத்தாழ 55. ஆகவே கோளின் விட்டம் விண்மீனின் விட்டத்தில் 55 இல் ஒரு பங்கு. விண்மீன் சூரியனினும் சற்றே சிறியது. அதன் விட்டத்துள் பூமியை நூற்றுக்குச் சற்று மேற்பட்ட முறை அடுக்கலாம். எனவே கோளின் விட்டம் பூமியைப்போல் ஏறத்தாழ 1.9 மடங்கு. எட்டு மடங்கு திணிவை அக்கனவளவாற் பிரித்தால் அடர்த்தி நீரைப்போல் ஆறரை மடங்குக்கு மேல் வரும். அது வாயுக்கோளன்று, பாறையை மிகுதியாகக் கொண்ட கோள் என்பது இதனாற் பெறப்படுகிறது.

இக்கணக்குக்கு ஆங்கிலம் வேண்டுவதில்லை, பெருங்கணினி வேண்டுவதில்லை, அரைத்தாள் போதும். ஆயினும் வைரத்தின் விலையைக் கணக்கிட்டோர் இவ்வரைத்தாளை வாசகனுக்குக் கொடுக்கவில்லை.

வைரம் கரைந்த வரலாறு

இனி அவ்வைரத்தின் கதை. 2012 இல், அப்பொழுது யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வுசெய்த, இந்தியாவிற் பிறந்த நிக்கு மதுசூதனும் அவருடைய கூட்டாளரும் ஒரு கருதுகோளை வெளியிட்டனர். அவ்விண்மீனில் ஒட்சிசனைவிடக் காபன் மிகுதி என்று முன்னர் ஓர் அளவீடு கூறியிருந்தது. விண்மீனும் கோளும் ஒரே முகிலிலிருந்து பிறந்தவையாதலின், கோளும் காபன் மிகுந்ததாக இருக்கக்கூடும். அவ்வாறாயின் உள்ளழுத்தத்தால் அக்காபனில் ஒரு பகுதி வைரமாக இருக்கக்கூடும். கோளின் திணிவும் பருமனும் அதற்கு இடங்கொடுக்கின்றன. இதுவே வாதம். ‘இருக்கக்கூடும்’ என்பது ஒவ்வொரு படியிலும் உண்டு. ஆய்வுக்கட்டுரையின் தலைப்பிலேயே உண்டு. உலகச் செய்தித்துறை அச்சொல்லை உதிர்த்துவிட்டு வைரத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. தமிழ்ச் செய்தித்துறை உலகச் செய்தித்துறையிடமிருந்து அதனை எடுத்துக்கொண்டது.

மறு ஆண்டே, 2013 இல், ஜொஹானா டெஸ்கேயும் கூட்டாளரும் அவ்விண்மீனின் திருசியத்தை மீண்டும் ஆராய்ந்து, காபனுக்கும் ஒட்சிசனுக்கும் உள்ள விகிதம் ஒன்றுக்கு மேற்பட்டதன்று, ஏறத்தாழ 0.78 என்றனர். சூரியனில் அது 0.5 அளவினது, இவ்விண்மீனிற் காபன் கூடுதலே, ஆயினும் ஒட்சிசனை விஞ்சவில்லை. வாதத்தின் அடிக்கல் அசைந்தது. வைரம் இல்லை என்று இதனால் நிறுவப்பட்டதாகாது. உண்டு என்பதற்கிருந்த சிறப்பான காரணம் தளர்ந்தது என்பதே நேர்மையான கூற்று. ஆயின் இத்தளர்ச்சிக்கு எந்தத் தலைப்புச்செய்தியும் கிடைக்கவில்லை. இன்றும் அக்கோளைப்பற்றித் தமிழில் தேடுவோன் எதிர்ப்படுவது வைரத்தையே.

மெய்யான செய்தி அதனினும் சுவையானது. கோள் விண்மீனுக்குப் பின்னே மறையும்போது, கோளின் சொந்த வெப்பக்கதிர் மட்டும் நின்றுபோகும். மறைவதற்கு முன்னும் மறைந்த பின்னும் உள்ள வேறுபாட்டை அளந்தால் கோளின் பகற்பக்க வெப்பநிலை கிடைக்கும். 2024 இல் வெளியான ஜேம்ஸ் வெப் விண்தொலைகாட்டியின் அளவீடு அதனை ஏறத்தாழ 1,540 பாகை என்றது. வளிமண்டலமற்ற வெறும் உருகுபாறையாயின், வாங்கும் வெப்பம் முழுவதையும் பகற்பக்கமே உமிழவேண்டும். அப்பொழுது அது ஏறத்தாழ 2,200 பாகையாக இருத்தல் வேண்டும். 660 பாகை எங்கே போயிற்று? அதனை இருட்பக்கத்துக்குக் கொண்டுசெல்லும் ஏதோ ஒன்று அங்கே உண்டு. காபனோரொட்சைட்டோ காபனீரொட்சைட்டோ மிகுந்த வளிமண்டலமே அது என்பது அவ்வாய்வாளரின் துணிபு. உருகிய பாறைக் கடலிலிருந்து அவ்வாயுக்கள் இடையறாது வெளிப்படுகின்றன என்றும் கருதப்படுகிறது. நோக்குந்தோறும் அளவீடுகள் வேறுபடுவதால் அத்துணிபும் முடிந்த முடிபாகவில்லை. முன்னர் 2016 இல் ஸ்பிற்சர் தரவுகளைக் கொண்டு வரையப்பட்ட வெப்பப்படமும் பின்வந்த மறு ஆய்வில் மாறியது.

2004, 2010, 2011, 2012, 2013, 2016, 2024: இருபது ஆண்டுகளில் ஒரு கோளினைப்பற்றிய அறிவு எத்தனை முறை திருத்தப்பட்டது! இத்திருத்தமே விஞ்ஞானத்தின் உயிர். இதனை மறைத்து வைரத்தைக் காட்டுவது, நூலை மறைத்து அட்டையைக் காட்டுவதாகும்.

இந்நோய் ஒரு கோளோடு நிற்கவில்லை. 2025 ஏப்பிரலில், இப்பொழுது கேம்பிரிட்ஜில் உள்ள அதே மதுசூதனும் குழுவினரும், கே2-18பி என்னும் வெங்கோளல்லாத ஒரு கோளில், உயிர்களாற் பிறக்கக்கூடிய ஒரு சேர்வையின் அறிகுறி கண்டதாகக் கூறினர். அவ்வறிகுறி தற்செயலாகத் தோன்றியிருக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று என்றும், கண்டுபிடிப்பு என்று கூற இது போதாது என்றும் அவர்களே கூறினர். மறுநாட் செய்திகளில் எஞ்சியது ‘வேற்றுலகில் உயிர்’ என்பதே. பிற ஆய்வாளர் அத்தரவுகளையே ஆராய்ந்து எழுப்பிய வலுவான ஐயங்களுக்கு அப்பக்கங்களில் இடம் இல்லாது போயிற்று.

பெயரும் அறிவும்

2019 இல் அனைத்துலக வானியல் ஒன்றியம் தன் நூற்றாண்டை முன்னிட்டு, நாடு ஒவ்வொன்றும் ஒரு விண்மீனுக்கும் அதன் கோளுக்கும் பெயரிட இடமளித்தது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் பங்குகொண்டன. இந்தியாவுக்குக் கிடைத்தது ஒரு வெங்கோள், 2.14 நாளில் விண்மீனைச் சுற்றும் வியாழன் ஒத்த வாயுக்கோள். விண்மீனுக்குப் பௌதிகவியலாளர் பிபா சௌதுரியின் நினைவாகப் ‘பிபா’ என்றும், கோளுக்கு முகில் சூழ்ந்தது என்னும் பொருள்பட ‘சந்தமச’ என்றும் பெயரிடப்பட்டன. இலங்கைக்குத் தென்மீன இராசியிலுள்ள ஒரு விண்மீன் கிடைத்தது. அதற்குச் ‘சாமய’ என்றும் கோளுக்குச் ‘சமகிய’ என்றும் பெயர்கள் சூட்டப்பட்டன. முன்னது சமாதானம், பின்னது ஒற்றுமை. இரண்டும் சிங்களச் சொற்கள்.

சமாதானத்தையும் ஒற்றுமையையும் வானத்திலே எழுதியோர், அவற்றை ஒரு மொழியிலேயே எழுதினர் என்பது தமிழ்பேசுவோர் மனத்தில் உறுத்துமாயின் அதிற் பிழையில்லை. இரண்டு பெயர்களுள் ஒன்றேனும் தமிழாக இருந்திருப்பின் பெயரின் பொருளும் மெய்ப்பட்டிருக்கும். ஆயின் இக்குறை பெரிதா, மற்றொரு குறை பெரிதா என்று சிந்தித்தல் வேண்டும். பெயரிட்டோரும் அக்கோளை அளக்கவில்லை. பெயரிடும் உரிமை கிடையாது வருந்துவோரும் அளக்கவில்லை. ‘சந்தமச’ என்னும் பெயர் அதற்கு நல்ல சான்று. அக்கோள் விண்மீனின் முகப்பைக் கடப்பதாகக் கண்டறியப்படாமையால், அதன் வளிமண்டலத்தில் முகில் உண்டா இல்லையா என்பதைக் கடப்பின் வழியாக அறிய வாய்ப்பில்லை. பெயர் முந்திக்கொண்டது, அறிவு பின்தங்கியது. பெயருக்காக எழும் குரல்களில் பத்தில் ஒன்றாயினும் அளவீட்டுக்காக எழுந்திருந்தால் இன்று நிலைமை வேறாக இருந்திருக்கும்.

மறுப்போர் கூற்று

இவற்றையெல்லாம் கேட்டு மூன்று வகையினர் மறுப்புரைப்பர்.

முதல் வகையினர் பயன் கேட்போர். போரும் வெள்ளமும் வரட்சியும் கண்ட மண்ணில், எட்டாத கோளின் வெப்பநிலை எதற்கு? உன்னிச்சையில் வயல் செய்பவனுக்கு அதனால் ஒரு மூடை நெல் கூடுமா? என்பது அவர் வினா. உழவன் பெயரைச் சொல்லி அறிவைத் தள்ளிவைப்போர் உழவனை அறிந்தவரல்லர். சிறுபோகம் தொடங்குமுன் கூடும் கூட்டத்தில் முதலில் எழும் வினா, குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதே. குளம் கடல்போற் கிடக்கிறது என்று எவரேனும் அணிநயம்படக் கூறினால், அதனைக் கொண்டு எந்த வட்டவிதானையும் வாய்க்கால் திறக்க இசையமாட்டார். அடிக்கணக்கு வேண்டும், அளந்தவர் யார், என்று அளந்தார் என்பது வேண்டும். அதன்மேலேயே எந்த வட்டைக்கு நீர், எத்தனை ஏக்கருக்கு விதைப்பு என்னும் முடிவு எழும். அளவை கேட்கும் இவ்வொழுக்கமே விஞ்ஞானத்தின் அடிப்படை. உழவனிடம் உள்ள இவ்வொழுக்கம் விஞ்ஞானப் பத்தி எழுதுவோரிடம் இல்லை என்பதே வெட்கத்துக்குரியது.

அன்றியும், வெங்கோளின் பகற்பக்கத்திலிருந்து இருட்பக்கத்துக்கு வெப்பத்தைக் கொண்டுசெல்லும் பௌதிகமும், வங்காள விரிகுடாவிலிருந்து வடகீழ்ப் பருவக்காற்றைக் கொணர்ந்து உன்னிச்சைக்குளத்தை நிரப்பும் பௌதிகமும் வேறுவேறல்ல. வெப்பநிலை வேறுபாடு காற்றைப் பிறப்பிக்கும்; காற்று வெப்பத்தைப் பகிரும்; காபனீரொட்சைட்டு வெப்பத்தைத் தடுத்துவைக்கும். இச்சமன்பாடுகளை இருவகை உலகங்களிலும் பொருத்திப் பார்ப்பதனாலேயே அவற்றின் மெய்ம்மை சோதிக்கப்படுகிறது. மழை மாறிவரும் காலத்தில், மழையின் விஞ்ஞானம் உழவன் மகனுக்கு வேண்டாம் என்பது யாருடைய நலன் கருதிய அறிவுரை?

இரண்டாம் வகையினர் மொழியைக் காரணங் காட்டுவோர். இத்தகைய நுண்பொருளைத் தமிழ் தாங்காது என்பர். மானிப்பாயில் 1864 முதல் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீனை அவர் அறியார்போலும். மட்டக்களப்புத் தமிழகம் ஈன்ற சுவாமி விபுலாநந்தர், 1892 இற் காரைதீவிற் பிறந்து, விஞ்ஞானப் பட்டதாரியாகி, விஞ்ஞானம் கற்பித்து, சென்னையிற் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமைதாங்கி, 1947 இல் வெளியான யாழ் நூலிற் பழந்தமிழிசைக்குக் கணிதத்தைக் கருவியாக்கியதையும் அவர் மறந்தார்போலும். இந்நாட்டில் உயர்தரம் வரை விஞ்ஞானம் தமிழிற் கற்பிக்கப்படுகிறது. பல்கலைக்கழக வாயிலிலே ஆங்கிலம் தொடங்குகிறது. தமிழ் மலர்களுக்குள் வைரம் தொடங்குகிறது. இடையில் அறுந்தது மொழியன்று, முயற்சி.

மொழி தாங்குமா என்பதற்கு மட்டக்களப்பின் வழக்கே விடைதரும். வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் மக்கள் வழங்குவர். கதிரவன் எழும் திசையும் படும் திசையும் ஊர்ப்பெயராயின. விண்மீனுக்கு ஒரு முகத்தையே என்றும் காட்டிச் சுற்றும் வெங்கோளிலே பகல் ஓயாத பாதியும் இரவு விடியாத பாதியும் உண்டு. இரண்டும் கூடும் விளிம்பில் ஒருபுறம் என்றும் விடியற்பொழுது. மறுபுறம் என்றும் அந்திப்பொழுது. ஏறத்தாழ 700 ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள வாஸ்ப்-39பி என்னும் வெங்கோளில், வெப் தொலைகாட்டி இவ்விரு விளிம்புகளையும் வேறுபடுத்தி நோக்கி, அந்தி விளிம்பு ஏறத்தாழ 800 பாகை, விடியல் விளிம்பு 600 பாகை என்று கண்டது 2024 இல் வெளியாயிற்று. பகற்பக்கத்தில் வெந்த காற்று அந்தி விளிம்புவழி இருளினுட் புகுந்து, குளிர்ந்து விடியல் விளிம்பில் மீளுகிறது என்பதே அதன் விளக்கம். இவ்விளிம்புகளை எழுவான் விளிம்பு, படுவான் விளிம்பு என்றால் எந்தப் படுவான்கரைச் சிறுவனுக்குப் புரியாது? சொல் வயலிலே கிடக்கிறது, எடுப்பார் இல்லை.

மூன்றாம் வகையினர், இவையெல்லாம் முன்னோர் அறிந்தவையே என்போர். முன்னோர் வானை நோக்கினர். கோள்களின் இயக்கத்தை நெடுங்காலம் கணித்தனர். பஞ்சாங்கம் அதற்குச் சான்று. அவர்கள் பெருமை அவர்கள் நோக்கியதிலும் கணித்ததிலுமே உள்ளது. அவர்கள் நோக்காதவற்றை அவர்கள்மேல் ஏற்றிப் பாராட்டுவது, அவர்கள் செய்த உழைப்பை இகழ்வதாகும். முன்னோரைப் பின்பற்றுவோன் வானை நோக்குவான்; முன்னோரைப் பேசுவோன் மேடையை நோக்குவான்.

செய்யவேண்டுவது

குற்றஞ்சாட்டுவதோடு அமைவது எளிது. செய்யத்தக்கது யாது என்பதும் கூறப்படல் வேண்டும்.

சென்னை வானிலையத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரியார், 1874 ஆம் ஆண்டின் வெள்ளிக் கடப்பை முன்னிட்டு, அது யாது, ஏன் நிகழ்கிறது, அதனால் அறியப்படுவது என்ன என்பதை விளக்கும் சிறுநூலொன்றை எழுதி, ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். சூரியனின் முகப்பை வெள்ளி கடப்பதும், விண்மீனின் முகப்பை வெங்கோள் கடப்பதும் ஒரே நிகழ்ச்சியே. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் அவர் செய்ததை இன்றைய மலர்கள் செய்யவில்லை. தமிழ்நாட்டுக் காவலூரில் 1977 மார்ச்சு 10 இல், யுரேனசு ஒரு விண்மீனை மறைக்கும் வேளையில், மறைவுக்கு முன்னரே அவ்விண்மீனின் ஒளி சில கணம் மங்கியதை ஜே. சி. பட்டாச்சாரியாவும் கே. குப்புசாமியும் பதிவுசெய்தனர். அவர்கள் அதனைப் புதிய துணைக்கோள் எனக் கருதினர். பிறர் நோக்கல்களோடு ஒப்பிட்டபோது அது யுரேனசின் வளையம் எனத் தெளிந்தது. விளக்கம் மாறியது, அளவீடு நின்றது. அளந்தவனுக்கு வரலாற்றில் என்றும் இடம் உண்டு.

அளப்பதற்குப் பெருஞ்செல்வம் வேண்டும் என்பதும் முழுமையான உண்மையன்று. விண்மீனைக் கடக்கும் கோள் முதன்முதலாக 1999 இல் நோக்கப்பட்டது. பெகாசசு உடுக்கூட்டத்திலுள்ள எச்டி 209458 என்னும் விண்மீனின் வெங்கோள் அது. டேவிட் சார்போனோவும் ரிமதி பிறவுனும் அதற்குப் பயன்படுத்திய கருவி வெறும் 10 சென்ரிமீற்றர் விட்டமுடையது. மூன்று மணி நேரம் விண்மீனின் ஒளி நூற்றுக்கு ஒன்றரை அளவு குறைந்தது, அவ்வளவே. ஏழரைப் பாகை வட அகலக்கோட்டில் அமைந்த மட்டக்களப்பின் வானில் அவ்விண்மீன் நன்கு உயர்ந்து செல்கிறது. அது இரவில் ஓங்கி நிற்கும் ஆவணி, புரட்டாதி மாதங்கள் இப்பகுதியிற் பெருமழைக்கு முற்பட்ட காலம். சிறு தொலைகாட்டி ஒன்று, ஒளியை எண்ணும் ஒளிப்படக்கருவி ஒன்று, உறங்காத நான்கு மாணவர், படுவான்கரையின் இருண்ட வெளி ஒன்று. இவை கூடினால் 3.5 நாளுக்கு ஒருமுறை நிகழும் அக்கடப்புகளுள், அங்கே இரவில் நேரும் ஒன்றைப் பதிவுசெய்தல் இயலாததன்று.

அவ்வாறு ஒரு வளைகோடு வரையப்படுமாயின், அது உலகுக்குப் புதிய செய்தியாகாது. ஆயின் தமிழ் மலரொன்றில் அச்சாகும் அவ்வளைகோடு, வைரத்தைப்பற்றிய நூறு கட்டுரைகளைவிட மேலானது. ஏனெனில் அதன்கீழே ‘கண்டறிந்தனராம்’ என்று எழுதவேண்டுவதில்லை. ‘அளந்தோம்’ என்று மாணவர் எழுதலாம். அதுவரையிலேனும் மலர்க்குழுக்கள் ஒரு விதியை மேற்கொள்ளல் வேண்டும்: எவ்வாறு அறியப்பட்டது என்பதைக் கூறாத விஞ்ஞானக் கட்டுரை எதுவும் அச்சேறாது. இவ்விதியாற் பக்கங்கள் குறையக்கூடும். குறையட்டும். இருபது பக்க வியப்பினும் இரண்டு பக்க அறிவு தமிழுக்கு ஆக்கம் தரும்.